டெலோஸ் தீவில் முதலில் மலையேறுங்கள்

கிரேக்கத்தின் சைக்ளடீஸ் தீவுகளைச் சிறிய கப்பலில் சுற்றுபவர்கள், மிக்கோனோஸுக்கு அருகிலுள்ள டெலோஸில் சில மணி நேரமாவது இறங்கிப் பாருங்கள். கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்த இடமாகப் புராணங்கள் சொல்லும் தீவு இது. 1990 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பயணிகள் இரவு தங்க அனுமதி கிடையாது.

இங்கே மர நிழல் என்பது அநேகமாக இல்லை. அதனால் இறங்கியதும் எல்லோரும் போகும் சிங்கச் சிலைகளின் பக்கம் திரும்பாதீர்கள். வெயில் ஏறுமுன் கின்தோஸ் மலைக்குப் போய்விடுங்கள். உயரம் சுமார் 112 மீட்டர்தான். ஆனால் கற்படிகள் கரடுமுரடானவை, நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம் வேண்டும். உச்சியிலிருந்து சுற்றிலும் தீவுகள் தெரியும். அந்தக் காட்சிக்காகவே இத்தனை தூரம் வரலாம்!

இறங்கும் வழியில் பழைய வீடுகளின் மொசைக் தரைகளையும் அரங்கத்தையும் நிதானமாகப் பாருங்கள். சிங்கங்களைக் கடைசியில் பார்க்கலாம். வெளியே நிற்பவை நகல்கள், அசல் சிற்பங்கள் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன.

தண்ணீரைக் கப்பலிலிருந்தே நிறைய எடுத்துச் செல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று பலமாக வீசும். தொப்பிக்குக் கழுத்துக்கயிறு அவசியம். காற்று மிஞ்சினால் படகுகள் தீவை அணுகுவதில்லை. எனவே பயணத்திட்டத்தில் டெலோஸுக்கு ஒரு மாற்று நாளும் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.