முதியவரின் கால்சியம் அறிக்கையைப் படிக்கும் முறை

அறுபது வயதைக் கடந்தவரின் இரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற வழக்கமான வரம்புக்குள் இருப்பதை மட்டும் கண்டு திருப்தி அடைய வேண்டாம். அந்த அளவைக் காக்க, கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் வெளியிடும் பாராதைராய்டு ஹார்மோன் எவ்வளவு சுரக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஹார்மோன் சிறுநீரக நுண்குழாய்களில் கால்சியத்தை மீட்டெடுக்கச் செய்வதோடு, வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலாக மாற்றும் நொதியையும் தூண்டுகிறது. முதுமையில் சிறுநீரகம் இந்தத் தூண்டலுக்கு முன்போல் இணங்குவதில்லை. கால்சிட்ரியால் குறைய, குடல் உறிஞ்சும் கால்சியமும் குறைந்து, ஹார்மோன் உயர்ந்து, பற்றாக்குறை எலும்பிலிருந்து ஈடுகட்டப்படுகிறது.

எனவே முதலில், இரத்தத்தில் கால்சியத்தைப் பிணைத்துச் சுமக்கும் புரதமான அல்புமினைப் பாருங்கள். அது டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்துடன் 0.8 மில்லிகிராம் கூட்டுவது வழக்கம். இது தோராயக் கணக்குதான். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் தசைக் கழிவான கிரியேட்டினின், தசை மெலிந்தவரிடம் இயல்பாகத் தோன்றி ஏமாற்றும் என்பதால், வயதையும் கணக்கில் கொண்ட சிறுநீரக வடிகட்டும் வீதத்தைக் (eGFR) கேட்டுப் பெறுங்கள். வைட்டமின் டி இருப்பை அறிய 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி சோதனையே பொருத்தமானது. ஏனெனில் இருப்பு குறைந்திருந்தாலும், ஹார்மோன் உயரும்போது கால்சிட்ரியால் இயல்பாகவே தெரியக்கூடும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தையசைடு வகை சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைத்து, இரத்தத்தில் அதை உயர்த்தக்கூடும் ஆதலால், உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டாமல் கால்சியம் மாத்திரையைத் தாமாகத் தொடங்கக் கூடாது.