படுக்கையில் விழுவதற்கு முந்தைய அப்பாவை எழுதி வைப்பது எப்படி

நீண்ட நாள் நோயில் கிடந்து போனவரைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால், பேச்சு நேராகக் கடைசி வருடங்களுக்குத்தான் போகிறது. எந்த டாக்டரைப் பார்த்தோம், எந்த ராத்திரி மூச்சு வாங்கியது, எவ்வளவு கடன் ஆனது. என் அப்பா கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கம் 30 வருடத்துக்கு மேல் கொத்தனாராகவும் பிறகு மேஸ்திரியாகவும் இருந்தவர். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போய்வந்தது அவர் வாழ்க்கையில் கடைசிக் கொஞ்ச காலம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நாங்கள் சொன்னதெல்லாம் அந்தக் கொஞ்ச காலத்தைத்தான். என் தம்பி மகனுக்குத் தாத்தா என்றால் கட்டிலில் படுத்திருந்தவர், அவ்வளவுதான் தெரியும்.

அதனால் தலைத்திவசத்துக்குள் அப்பா உழைத்த காலத்தை ஒரு சின்னப் புத்தகமாக எழுதி அச்சடித்துவிடுவது என்று முடிவு செய்து, செய்தும் முடித்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து போயிருந்தால் நீங்களும் செய்யலாம். எழுதிப் பழக்கம் இருக்க வேண்டியதில்லை, கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அவருடைய செல்போன். மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், இது மட்டும் அவசரம். டைப் அடிக்கத் தெரியாதவர்கள் எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்பியிருப்பார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அழிந்துவிடும். எனவே சின்ன ரீசார்ஜ் ஒன்று போட்டு எண்ணைக் காப்பாற்றி வையுங்கள். குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் ஏற்றிவிடுங்கள். அவரோடு வேலை செய்தவர்களின் போனிலும் தேடச் சொல்லுங்கள். “ரெண்டு மூட்டை சிமெண்ட் பத்தாது, மூணா சொல்லிடு” என்று அப்பா அதட்டும் எட்டு நொடிப் பதிவு ஒன்று அவரிடம் பெரியாளாக, அதாவது கொத்தனாருக்குக் கையாளாக, இருந்த ஒருவர் போனில் கிடைத்தது. வீட்டில் எங்களிடம் பேசியதில்கூட இந்தக் குரல் இல்லை. நோய் வருவதற்கு முந்தைய குரல் அது.

அடுத்தது காகிதங்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் கட்டித் தனியாக வைத்துவிடுங்கள், அதோடு மற்றதைக் கலக்காதீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்குவது, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர் என்றால் இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் உதவித்தொகை உண்டு. அந்த அட்டையைத் தேடி எடுத்து விண்ணப்பித்துவிட்டு, அட்டையை ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் சின்னப் படம் பல நேரம் ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளெக்ஸில் போட்ட படத்தைவிட அவர் முகமாக இருக்கும்.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற வீடுகளில் அப்பாக்களுக்குப் படமே இருக்காது. அவர்தான் எப்போதும் வேலைக்குப் போயிருப்பாரே! மேஸ்திரி, தச்சர், எலக்ட்ரீசியன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: மற்றவர்களுடைய கிரகப்பிரவேச ஆல்பத்தில் தேடுங்கள். வீடு கட்டிய மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும்போது போட்டோ எடுக்காத வீடு குறைவு. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டு ஆல்பத்தில் அப்பா கறுப்புத் தலைமுடியோடு, வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கியபடி, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தைத்தான் இப்போது பிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஆல்பத்தைப் பிரித்துப் படத்தை உருவ வேண்டாம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலே போனைப் பிடித்து எடுத்தாலே போதும். பெரிதாக்க வேண்டுமென்றால் ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்யக் கேளுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. அவரோடு வேலை செய்தவர்களைப் பார்க்கப் போக வேண்டும். சொந்தக்காரர்களிடம் அப்புறம் போய்க்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த அப்பா இருட்டியபின் வீட்டுக்கு வந்தவர். பகல் முழுக்க இருந்த அப்பாவை அவர்களுக்குத்தான் தெரியும்.

“அவர் எப்படிப்பட்டவர்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “தங்கமான மனுசன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள், அதற்கு மேல் நகராது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் வந்ததும் முதலில் எதைத் தொடுவார்? எதற்குத் திட்டுவார்? டீ எங்கே குடிப்பீர்கள், காசு யார் கொடுப்பது? மழை வந்தால் என்ன செய்வீர்கள்? சம்பளம் வராத வாரம் எப்படிச் சமாளித்தார்? இப்படிக் கேட்டபோது, அவரிடம் பல வருடம் சித்தாளாக இருந்த ஒரு அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்:

“மேஸ்திரி சாரத்துல ஏறுனதும் கயித்து முடிச்ச ஒவ்வொண்ணா இழுத்துப் பாப்பாரு பாப்பா. அவரு எறங்கி வந்து ‘ம்’னு சொன்னாத்தான் நாங்க பாண்டு தூக்குவோம். அவசரம்னு வீட்டுக்காரங்க கத்துனாலும் சரி, அந்த ‘ம்’ வராம யாரும் ஏறமாட்டோம்.”

இன்னொருவர், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு நூல் அளவு விலகியிருந்த சுவரை அப்பா ஈரம் காய்வதற்குள் காலால் எத்தித் தள்ளிவிட்டு, எதுவும் பேசாமல் கரண்டியை எடுத்துத் தானே முதல் வரிசை வைத்த கதையைச் சொன்னார். அந்த வரிசைக்கு ஆன செங்கல் காசைத் தன் கணக்கில் கழித்துக்கொண்டாராம். எங்கள் அம்மாவுக்கே இது தெரியாது.

கேட்கும்போது போனில் ரெக்கார்டிங் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போடுங்கள். வருடம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அதற்குப் பதில் நடந்ததை வைத்துக் கேளுங்கள்: கொரோனா ஊரடங்குக்கு முன்பா, பின்பா? 2016-ல் நோட்டு செல்லாமல் போனபோது எந்த வீட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது? பெரிய பிள்ளை அப்போது எந்த வகுப்பு? பழைய காகிதங்களுக்கும் இப்படி ஒரு அடையாளம் உண்டு. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ரசீதில் மாவட்டம் தருமபுரி என்றிருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருந்தால் அது 1965-ல் தருமபுரி பிரிவதற்கு முந்தையது. தேதி கிழிந்துபோன காகிதத்தைக்கூட இதை வைத்து ஓரளவு பிடித்துவிடலாம்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன காலம் இருந்தால் அதைத் தனியாக விசாரியுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பாதிப் பேருக்கு அது இருக்கும், பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது. திங்கட்கிழமை விடியற்காலை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் தூக்குவாளியும் சாமான் பையுமாக ஏறிப்போய் சனிக்கிழமை ராத்திரி வந்தவர், நடுவில் ஐந்து ராத்திரி எங்கே படுத்தார்? கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்திலேயே, சிமெண்ட் சாக்கை விரித்து. வீட்டுக் களி நினைப்பில் ராகி முத்தே போடும் மெஸ்ஸைத் தேடிப் போய்த் தின்பாராம்.

கணக்கு நோட்டு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அப்பாவின் நோட்டில் இடது பக்கம் பெயர், முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்குப் பாதிக் கோடு, சனிக்கிழமை பட்டுவாடா தொகை. ஒரு பக்கத்தில் ஒரு பெயருக்கு நேராக ஒரு கோடும் இல்லை, ஆனால் ‘500 பிரசவம்’ என்று எழுதியிருக்கிறது. அதே பக்கத்தின் அடியில் ‘வீட்டுக்கு’ என்று எழுதி, தொகை போடாமல் விட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தைப் பற்றி நான் எதுவும் விளக்கி எழுதவில்லை, படமெடுத்து அப்படியே அச்சில் போட்டுவிட்டேன். நீங்கள் போடும்போது கடன் வாங்கியவர்கள் பெயரை மறைத்துவிடுங்கள், அல்லது அவர்களிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

சரி, எழுதுவது எப்படி? ‘இன்ன ஊரில் இன்னாருக்கு மகனாகப் பிறந்து’ என்று ஆரம்பித்தால் மூன்றாம் வரியில் நின்றுவிடும். அவருடைய ஒரு வேலை நாளிலிருந்து ஆரம்பியுங்கள். எழுந்த நேரம், குடித்தது, எடுத்துக்கொண்ட சாமான்: கரண்டி, ரசமட்டம், மணியாஸ் கட்டை, நூல்கண்டு. பிறப்பும் கல்யாணமும் பின்னால் வரலாம். ‘பாசமிகு’, ‘பண்பின் சிகரம்’ போன்ற போஸ்டர் வார்த்தைகளைத் தவிருங்கள். யார் பெயரை மாற்றிப் போட்டாலும் அவை பொருந்தும். நம் மாவட்டங்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிற நடுகற்களைப் பாருங்கள். எழுத்துள்ள கற்களில் எந்த அரசன் காலம், எந்த ஊர், என்ன செய்து விழுந்தான், பெயர் என்ன, இவ்வளவுதான் வெட்டியிருப்பார்கள். மாடு மீட்கப் போய் விழுந்தவன் யாரென்று ஆயிரம் வருடம் தாண்டியும் நமக்குத் தெரிய அதுவே போதுமாக இருக்கிறது.

நோயை விட்டுவிடச் சொல்லவில்லை. கவனித்துக்கொண்டவர் சொல்ல, அவர் வார்த்தையிலேயே ஒன்றிரண்டு பக்கம் போடுங்கள். எங்கள் புத்தகத்தில் அது அம்மாவின் பக்கம். டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருந்தார்கள். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது. தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது குறுகுறுவென்று அதிரும். அதிர்வு நின்றால் உடனே ஓட வேண்டும். அம்மா ராத்திரி விழித்து, அவர் தூக்கம் கலையாமல் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொன்னபோது, அப்பா பாட்டிலை மேசையில் வைத்துக் கண்ணைத் தாழ்த்தி மட்டம் பார்த்து, தச்சுப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். செந்தூரா மாம்பழம் வீடு முழுக்க மணக்கும் வைகாசியில், பொட்டாசியம் ஏறிவிடும் என்று ஒரு கீற்றோடு நிறுத்திக்கொள்வார். நோயின் கதையிலும் மேஸ்திரிதான் தெரிய வேண்டும். அப்படித் தெரிகிற இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட் எண்களையெல்லாம் விட்டுவிடுங்கள்.

அவரிடம் இருந்த குறையும் ஒன்றாவது வர வேண்டும். எங்கள் பள்ளிக்கூட விழா எதற்கும் அப்பா வந்ததில்லை, சட்டென்று கோபம் வரும். இதை எடுத்துவிடச் சொல்லி சித்தப்பா கேட்டார். நான் எடுக்கவில்லை. அப்பாவோடு சாரத்தில் நின்றவர்கள் படிக்கப்போகும் புத்தகம் இது, அவர்களுக்குப் பாதி மனிதரைக் கொடுக்க முடியாது.

அச்சுக்கு அதிகம் செலவாகாது. ஏ5 அளவில், நடுவில் பின் அடிக்கிற மாதிரி என்றால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 32 பக்கம் தாராளம். கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி செய்பவரிடம் கொடுக்கும் முன் யாராவது ஒருவர் வாய்விட்டுப் படிக்க, அவரோடு வேலை செய்த இருவர் உட்கார்ந்து கேட்கட்டும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், வேலைச் சொல் எல்லாம் அங்கேயே திருத்தம் ஆகிவிடும். சித்தாள்களின் பெயர்களை விட்டுவிடாமல் போடுங்கள். அவர்கள் பெயர் இதுவரை எந்த அச்சிலும் வந்திருக்காது.

திவசத்தன்று படையல் முடிந்து இலை போடும் முன் ஒரே ஒரு பக்கத்தைப் படித்தால் போதும். பிரதிகளை முதலில் வேலைக்காரர்களுக்கும், பிறகு அவர் கட்டிய வீட்டுக்காரர்களுக்கும் கொடுங்கள். சொந்தக்காரர்கள் எப்படியும் வாங்கிக்கொள்வார்கள். கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாக விட்டு அச்சடியுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் “இதை விட்டுட்டியே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பேனாவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.