இரண்டு கையும் வேலைக்கு: நெற்றி லைட் வாங்கிக் கட்டிப் பழகும் முறை

வீட்டு வேலையில் பாதி பொழுது சாய்ந்த பிறகுதான் தலையெடுக்கும். கட்டுத்தரையில் கன்றுக்குட்டி கயிற்றில் சிக்கிக்கொள்ளும், பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்பக்கம், பைப் ஒழுகும், தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு ஏணி ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. ஏணியில் ஒரு கை பிடிமானத்துக்கு வேண்டும், இன்னொரு கை வேலைக்கு. வெளிச்சம் தலையில் இருப்பதுதான் நியாயம்.

கடையில் ஹெட் டார்ச், ஹெட்லைட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். முதல்முறை வாங்குகிறவர்களுக்காக, வாங்குவதிலிருந்து ஆணியில் மாட்டுவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

1. என்ன வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அட்டாலியில் (பரணில்) பாத்திரம் தேடுவது, சிங்க் அடியில் பைப் மாற்றுவது, தையல் மிஷினில் நூல் கோப்பது எல்லாம் கை எட்டும் தூரத்து வேலை. லூமென் என்பது லைட் எவ்வளவு வெளிச்சம் தரும் என்ற அளவு, இதற்கு 50 முதல் 100 லூமென் போதும். வரப்பில் நடந்து மடை மாற்றுவதற்கு 200, 300 லூமென் இருந்தால் நல்லது. ஆயிரக்கணக்கில் லூமென் போட்ட லைட்டைக் கிட்டத்து வேலைக்குக் கட்டினால், வெள்ளைச் சுவரும் எவர்சில்வர் பாத்திரமும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். குறைத்து எரிய வைக்க வசதி இருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி.

நெற்றியில் கட்டுவது பிடிக்காதவர்களுக்குக் கழுத்தில் மாலை மாதிரி போடும் லைட் இருக்கிறது, தையலுக்கும் படிப்பதற்கும் அது சுகம். அடியில் காந்தம் வைத்த லைட்டை இரும்புக் கதவிலோ வண்டியின் அடியிலோ ஒட்டிவிட்டு வேலை பார்க்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நெற்றி லைட்டையே வாங்குங்கள். நீங்கள் திரும்பும் பக்கம் அதுவும் திரும்பும்.

2. கடையிலேயே சோதித்து வாங்குங்கள்

லைட்டை ஒரு கை தூரத்தில் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் பளீரென்று சின்ன வட்டமும் சுற்றி இருட்டும் தெரிந்தால் அது தூரத்துக்கு ஆகும், வீட்டு வேலைக்கு ஆகாது. ஒரே சீராகப் பரவ வேண்டும். தலைப்பகுதி கீழே சாயவும் வேண்டும். சாயாத லைட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தோட்டத்துக்கும் எடுத்துப்போவதாக இருந்தால் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். தொட்டியில் விழுந்தாலும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பேட்டரியில் ஏமாற்று நிறைய. சார்ஜ் போடும் 18650 என்ற செல்லில் அந்த எண் அளவைத்தான் சொல்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். எம்ஏஎச் என்பது செல்லில் எவ்வளவு சார்ஜ் தேங்கும் என்ற கணக்கு, இந்த அளவில் நல்ல செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் வரும். 9900 என்று அச்சடித்திருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜ் போட மறப்பவர்களுக்கு ட்ரிபிள் ஏ செல் போடும் மாடல் நல்லது, மளிகைக் கடையிலும் செல் கிடைக்கும்.

3. கட்டுவது

பட்டை புருவத்துக்கு மேல், காதைத் தொடாமல் போக வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும், அதற்கு மேல் இறுக்கினால் கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். உருமால் கட்டுகிறவர்கள் அதன் மேலேயே கட்டலாம், வழுக்காது, வியர்வையும் பட்டையில் இறங்காது. பல்லடம், சோமனூர் பக்கம் தறிக் குடோனில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொங்கும் பட்டை நுனியை உள்ளே செருகுங்கள். தறி ஓடும்போது அதன்மேல் குனியவே வேண்டாம்.

4. கோணம்

தரையில் உட்கார்ந்து, வேலை செய்யும் பொருளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்தை வளைக்காமல் கண்ணை மட்டும் கீழே இறக்குங்கள். வெளிச்ச வட்டம் விரல்மேல் விழும் வரை லைட்டைச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். இதை ஏணி ஏறுவதற்கு முன் செய்யுங்கள். நேராக நிற்கும் லைட்டைக் கட்டினால் வேலை முழுக்கக் கழுத்துதான் வளைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, யாராவது பேச வந்தால் லைட்டைக் கீழே சாயுங்கள். எங்கள் அம்மாயி, "ஏஞ் சாமி, கண்ணு கூசுது, லைட்டத் திருப்பு" என்று சொல்லாத நாள் இல்லை. மாட்டுக்கும் அப்படித்தான், முகத்தில் அடித்தால் மிரளும்.

5. தோட்டத்தில் நடக்கும்போது கழற்றிவிடுங்கள்

இதைப் பலர் சொல்லித் தருவதில்லை. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும். மேடு, பள்ளம், கல், கயிறு எல்லாம் தட்டையாக ஒன்றுபோலத் தெரியும். அதே லைட்டை இடுப்பு உயரத்தில் கையில் பிடித்து நடந்தால் தரையில் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் நீளமாக நிழல் விழும், உருவம் தெரியும். கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் ராத்திரியில் நடமாடுபவை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நெற்றி லைட்டில் பூனை, ஆடு, சிலந்தியின் கண்கூட மின்னும், பாம்பின் கண் அப்படி மின்னாது. அந்த மினுக்கை நம்பிக் கால் வைக்காதீர்கள். பூட்ஸ் போட்டு நடந்து, மடைக்குப் போனதும் லைட்டைத் தலைக்கு மாற்றுங்கள்.

அட்டாலியில் தூசி தட்டும்போதும் இப்படித்தான். பறக்கும் தூசி வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பும். லைட்டைக் கழற்றிப் பக்கத்துச் சட்டத்தில் மாட்டிவிடுங்கள்.

6. கரண்ட் வேலை

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். நன்றாகத் தெரிகிறது என்பதால் ஷாக் அடிக்காமல் இருக்காது. சில லைட்டில் சிவப்பு வெளிச்சமும் இருக்கும், இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க அது உதவும். ஆனால் வயர் வேலையில் அதைத் தொடாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ் வயர் இருக்கும் இடத்தில், சிவப்பு வெளிச்சம் பட்டால் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுபோல வெளிறித் தெரியும்.

7. வைக்கும் இடம்

சார்ஜ் செல்லை வெயில் படும் ஜன்னலிலும், தகரக் கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள். சாதா செல் என்றால் நாள்கணக்கில் பயன்படுத்தாதபோது வெளியே எடுத்துவிடுங்கள், ஒழுகி உள்ளே அரித்துவிடும். கொல்லைக் கதவுப் பக்கம் ஒரு ஆணி அடித்து அங்கேயே மாட்டுங்கள். மாட்டியதும் ஒரு ராத்திரி வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கட்டிலிலிருந்து எழுந்து தடவிப் போய்ப் பாருங்கள். கை நேராக அதில் போய் நிற்கவில்லை என்றால், மறுநாளே ஆணியை மாற்றி அடியுங்கள்.