விரிந்துகொண்டே போன வளையம்

கனடாவின் பனிமுயலும் அதைத் தின்னும் லிங்க்ஸ் பூனையும் ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை பெருகித் தேய்கின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை இரையும் அதை வேட்டையாடும் விலங்கும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று சொல்லும் லோட்கா-வோல்டெரா சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் ஓட்டிப் பார்த்தேன். முயல் எண்ணிக்கையை ஓர் அச்சிலும் பூனை எண்ணிக்கையை மறு அச்சிலும் வைத்து வரைந்தால் மூடிய வளையம் வர வேண்டும். எனக்கோ ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட அகன்றது. இரண்டு நாள் பிறப்பு, இறப்பு விகிதங்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். வீண் வேலை! காலப்படியை, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேர அளவை, 0.1-இலிருந்து 0.01 ஆக்கியதும் விரிவு மெதுவானது, நிற்கவில்லை. அப்போதுதான் பிடிபட்டது: கோளாறு உயிரியலில் இல்லை, சமன்பாட்டைச் சிறுசிறு படியாகக் கணக்கிடும் ஆய்லர் முறையில். ஒவ்வொரு படியிலும் இரண்டு விலங்குக்கும் முந்தைய படியின் பழைய எண்ணிக்கையையே போட்டிருந்தேன். இப்போது முதலில் முயலைக் கணக்கிட்டு, அந்தப் புது எண்ணிக்கையைப் பூனையின் வரியில் இட்டேன். மாற்றியது அந்த ஒரு வரிதான். நூறு சுற்று ஓடவிட்டேன்; கோடு அதே தடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தது.