60 வயசுல எலும்பும் கண்ணும் நல்லா இருக்கணும்னா பிள்ளைங்களுக்கு இப்பவே செய்ய வேண்டியது

போன வருசம் எங்க அம்மா ப்ளாக்குக்கு கீழ இருக்கற ஈரச்சந்தையில வழுக்கி கைய ஊனுனாங்க, மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. எலும்பு தேஞ்சு போயிருக்குன்னு சொன்ன டாக்டர், பக்கத்துல போன நோண்டிக்கிட்டு இருந்த என் மகளப் பாத்து, "உனக்கு பன்னெண்டு வயசா? பாட்டிக்கு இருக்கறத காப்பாத்தத்தான் முடியும், சேக்க முடியறது உனக்குத்தான்"னாரு. நோய் வராம பாத்துக்கறதுக்கு சிங்கப்பூர் அரசாங்கம் நடத்தற ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்துல சேர நமக்கு 40 வயசாகணும், ஆனா வேலைய அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்கணும்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

மொதல்ல எலும்பு. இதுவும் சிபிஎஃப் (ஓய்வுக்கால சேமிப்பு) மாதிரிதான், 20 வயசுக்குள்ளயே பெரும்பகுதி சேந்துடும், 30 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அப்புறம் எடுக்கறது மட்டுந்தான். பத்துலேருந்து பதினெட்டு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும். ஒரு டம்ளர் பால்ல கிட்டத்தட்ட 300 இருக்கு, மிச்சத்துக்கு கேழ்வரகு தோசை, தவ் குவா (கெட்டி டோஃபு), முள்ளோட சாப்பிடற நெத்திலி, முருங்கைக்கீரை, இதெல்லாம் தேக்கா சந்தையில கெடைக்கறதுதான். ஆனா சாப்பாடு மட்டும் போதாது, எலும்புக்கு அதிர்ச்சி வேணும், குதிக்கணும். என் பொண்ணுதான் நீச்சலுக்கு போறாளேன்னு நானும் நிம்மதியா இருந்தேன், நீச்சல் இதயத்துக்கு நல்லதுதான் ஆனா தண்ணி உடம்பத் தாங்கிக்கறதுனால எலும்புக்கு பெருசா வேலை இல்ல. இப்ப தினமும் பத்து நிமிசம் கயிறு தாண்டறா. வீட்டுக்குள்ள வேணாம், நாங்க ரெண்டாவது நாளே கீழ்வீட்டு ஆன்ட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

அடுத்து கண்ணு. கிட்டப்பார்வைன்னா கண்ணாடி போட்டா சரியாப்போச்சுன்னு நெனைக்கறோம், உள்ள நடக்கறது என்னன்னா கண்ணு உருண்டையே நீளமாயிடுது, பவர் ரொம்ப ஏறிட்டா வயசான காலத்துல விழித்திரை கிழியறது, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) மாதிரி ஆபத்தெல்லாம் கூடும். இதத் தள்ளிப்போட சுலபமான வழி, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்துல வெளிய இருக்கறது. உச்சி வெயில்ல நிக்க வைக்க வேணாம், மர நிழலே வீட்டு லைட்ட விட பல மடங்கு வெளிச்சம். ஒரே மூச்சா வேணாம், ஸ்கூல் விட்டு பஸ் புடிக்காம நடந்து வரட்டும், சாயந்திரம் ப்ளேகிரவுண்டுக்கு அனுப்புங்க. எங்க வீட்ல பெரிய தடை அம்மாதான், "வெயில்ல போவாதடா கண்ணு, கருத்துடுவ"ன்னு என் சின்னவன இழுத்து உக்கார வெச்சுடுவாங்க. தொப்பி வாங்கிக் குடுத்தேன், இப்ப அவங்களே கூட்டிட்டு போறாங்க!

சர்க்கரை விசயத்துல நம்ம இந்தியர்கள் கூடுதலா கவனமா இருக்கணும், இங்க நீரிழிவு அதிகமா இருக்கற இனங்கள்ல நாமளும் ஒண்ணு. பாக்கெட் பானங்கள்ல நியூட்ரி-கிரேட் எழுத்து 2022 கடைசிலேருந்து வருது, ஏ, பி, சி, டி, ஏ-ன்னா நல்லது, டி-ன்னா மோசம். பிள்ளைங்ககிட்ட பாடம் எடுக்காதீங்க, கணக்குப் போட விடுங்க. நான் மேசையில ஒரு தட்டு வெச்சு, 100 மில்லிக்கு 10 கிராம் சீனி இருக்கற 250 மில்லி பாக்கெட்டுக்கு எத்தன டீஸ்பூன்னு சின்னவனையே அள்ளிப் போட சொன்னேன். அஞ்சு ஸ்பூன். "இத யாரும்மா சும்மா தின்பாங்க"ன்னான். காப்பிக்கடையில இப்ப அவனே "சியூ தாய்" (சீனி கம்மி)னு கேக்கறான், பராட்டாவுக்கு சீனி தொட்டுக்கறத மட்டும் இன்னும் விடல.

போனு, டிவி எல்லாம் சேத்து 7லேருந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னு சுகாதார அமைச்சு சொல்லுது, ஸ்கூல் வேலை இதுல சேராது. தூக்கம் ஒம்போது மணி நேரமாவது வேணும், டியூஷன்தான் அத திங்குதுன்னா டியூஷன குறைங்க, நான் குறைச்சேன்.

பொம்பளப் பிள்ளை உயர்நிலை ஒண்ணுல (13 வயசு வாக்குல) இருந்தா ஹெச்பிவிங்கற வைரஸுக்கான தடுப்பூசிக்கு ஸ்கூல் மூலமா ஒப்புதல் கேப்பாங்க. 2019லேருந்து குடுக்கறாங்க, காசு கெடையாது, பிற்காலத்துல கருப்பை வாய் புற்றுநோய் வராம தடுக்கத்தான். "சின்னப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்"னு எங்க வீட்லயும் ஒரு பேச்சு எழும்புச்சு. வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் நல்லா வேலை செய்யும்னு சொல்லிட்டு அன்னிக்கே சம்மதம் குடுத்துட்டேன்.