ஜமக்காளத்தின் சிவப்புப் பட்டையை மட்டும் பச்சையாக்குவது எப்படி?

“ஏனுங் மாமா, இந்தச் செவப்புப் பட்டையை மட்டும் பச்சையாக்கித் தர முடியுங்களா? காலைல பார்ட்டிக்கு அனுப்போணும்.”

பவானியில் ஜமக்காளம் வாங்கி விற்கிற அக்கா மகன், ராத்திரி ஒன்பதரைக்குப் போன் போட்டான். படத்தில் திண்ணையில் விரித்த ஜமக்காளம். சிவப்பு, நீலம், மஞ்சள் பட்டைகள். ஓரத்தில் என் அம்மா, அரக்குச் சிவப்புச் சேலையும் நெற்றியில் குங்குமமுமாக. சிக்கலே அதுதான். குங்குமம் பச்சையாகிப் போனால் என்னை வீட்டுப் படி ஏற விடமாட்டார்.

இதற்கு கிம்ப் போதும். படங்களைத் திருத்த 1996 முதல் கிடைக்கிற இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

1. நல்ல படமாகக் கேட்டு வாங்குங்கள்

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் நசுங்கித்தான் வரும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நசுக்கிய ஜேபெக் படத்தில் பட்டைகளின் ஓரத்தில் ஒரு நிறம் இன்னொன்றோடு கலங்கியிருக்கும். பிறகு எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் ஓரம் பிசிறடிக்கும்.

2. நகல் எடுங்கள்

படத்தைத் திறந்ததும் ஷிப்ட், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மேலே ஒரு நகல் லேயர் வரும், அதாவது படத்தின்மேல் அடுக்கிய இன்னொரு தாள் மாதிரி. இனி எல்லாமே அதில்தான்.

3. தேர்ந்தெடுப்பது

முக்கால்வாசி நேரம் இங்கேதான் போகும். போகட்டும்.

ஷிப்ட், ஓ அழுத்தினால் ‘செலக்ட் பை கலர்’ கருவி வரும். சிவப்புப் பட்டையில் ஒரு இடத்தைத் தொட்டால், படம் முழுக்க அந்தச் சிவப்பு உள்ள இடங்களைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி கோடு ஓடும். எவ்வளவு தூரம் தாராளமாக எடுக்கலாம் என்பதைச் சொல்வது ‘த்ரெஷோல்டு’. நான் 15இல் தொடங்குவேன். ஒரேயடியாக ஏற்றினால் மஞ்சள் பட்டையின் ஓரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதைவிட, அளவைக் குறைவாகவே வைத்து, ஷிப்டை அழுத்தியபடி மடிப்பில் நிழல் விழுந்த சிவப்பு, வெயில் பட்டு வெளுத்த சிவப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சேருங்கள்.

இப்போது அம்மாவின் சேலையும் குங்குமமும் கூடவே வந்திருக்கும். கவலை வேண்டாம். எஃப் அழுத்தி ‘ஃப்ரீ செலக்ட்’ எடுங்கள். அதன் ‘மோட்’ வரிசையில் நான்காவது பட்டனைத் தட்டி, ஜமக்காளத்தை மட்டும் சுற்றிக் கோடு போட்டு என்டர் கொடுங்கள். கோட்டுக்கு வெளியே உள்ள சிவப்பெல்லாம் கழன்றுவிடும். சேலை ஜமக்காளத்தின்மேல் படிந்த இடத்தில் மட்டும் கோட்டை நிதானமாகப் போடுங்கள்.

கடைசியாக ‘செலக்ட்’ மெனுவில் ‘ஃபெதர்’, 2 பிக்சல். கத்தரித்து ஒட்டியது மாதிரி தெரியாது.

4. முகமூடி போடுங்கள்

‘லேயர்’, ‘மாஸ்க்’, ‘ஆட் லேயர் மாஸ்க்’ என்று போய் ‘செலக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஷிப்ட், கண்ட்ரோல், ஏ அழுத்தினால் எறும்புக் கோடு போய்விடும். மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும். எங்காவது விட்டுப்போயிருந்தால் வெள்ளை பிரஷ்ஷால் மாஸ்க்கில் தடவுங்கள், மிஞ்சியிருந்தால் கறுப்பால்.

அடுத்த படிக்குப் போகுமுன் லேயரின் சின்னப் படத்தைத் தொடுங்கள், பக்கத்தில் இருக்கும் மாஸ்க்கை அல்ல. இதை மறந்துவிட்டு, நிறம் ஏன் மாறவே மாட்டேன் என்கிறது என்று நான் அரைமணி நேரம் முழித்ததுண்டு.

5. நிறம் மாற்றுங்கள்

‘கலர்ஸ்’ மெனுவில் ‘ஹியூ-சாச்சுரேஷன்’. நிறங்கள் ஒரு வட்டத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு 0 பாகையில், பச்சை 120இல், நீலம் 240இல். சிவப்பு பச்சையாக வேண்டுமென்றால் ‘ஹியூ’வை 120க்குத் தள்ளினால் போதும். நூலின் ஓட்டம், மடிப்பின் நிழல் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனால் வருவது கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை. நம் கண்ணுக்குச் சிவப்பைவிடப் பச்சை வெளிச்சமாகத் தெரியும் என்பதால் இப்படி. ‘சாச்சுரேஷ’னை -25க்கும், ‘லைட்ன’ஸை -10க்கும் குறைத்துப் பாருங்கள். வாழையிலைப் பச்சைக்கு வந்துவிடும்.

வெள்ளைப் பட்டைக்கு இந்த வழி பலிக்காது, திருப்புவதற்கு அதில் நிறமே இல்லை. புது லேயரில் வேண்டிய நிறத்தை நிரப்பி, வெள்ளைப் பட்டைக்கு மாஸ்க் போட்டு, லேயர் ‘மோட்’ஐ ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். கீழே உள்ள நூலும் நிழலும் தெரிய, நிறம் மேலே படியும்.

ஒரு விஷயம். இப்படி மாற்றிய படத்தை அசல் சரக்கின் படம் என்று அனுப்பாதீர்கள். முன்பு ஒருமுறை நான் மாற்றிக் கொடுத்த பச்சையைப் பார்த்து ஒரு பார்ட்டி ஆர்டர் போட்டார். சாயம் ஏறி வந்த நூலின் பச்சை வேறு. சரக்கு திரும்பி வந்தது. அதிலிருந்து படத்தின் மூலையில் ‘மாதிரி நிறம்’ என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

6. சேமியுங்கள்

கண்ட்ரோல், எஸ் அழுத்தினால் லேயர்களோடு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமிக்கும். அனுப்புவதற்கு ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஜேபெக் ஆக்குங்கள். எக்ஸ்சிஎஃப் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

பத்தரைக்குப் படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: “சூப்பருங் மாமா. அதே பட்டை நீலத்துல ஒண்ணுங்.” பச்சை லேயரை மாஸ்க்கோடு நகலெடுத்து, ‘ஹியூ’வை இன்னொரு 120 தள்ளினேன்.