கீறினாரா, இழுத்தாரா? அவசரப் பிரிவு சார்ட்டில் ஃபாரின் பாடிக்கு கோட் போடும் முறை

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அமெரிக்க அவசரப் பிரிவு சார்ட்டுகளுக்கு (நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளுக்கு) பில்லிங் கோட் போடத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் ஃபாரின் பாடி, அதாவது உடலில் புகுந்த அந்நியப் பொருள். மருத்துவர் செய்த சிகிச்சையை எழுதிய ப்ரொசீஜர் நோட்டைத் திறந்ததும், பொருள் தோலைக் குத்தி நுழைந்ததா, காது, மூக்கு, கண்ணில் மாட்டியதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தோல் என்றால் தேட வேண்டிய சொல் 'இன்சிஷன்' (கீறல்). வலது ஆள்காட்டி விரலில் மரச்சிராய் ஏறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தேன்' என்று மட்டும் மருத்துவர் எழுதியிருந்தால் தனி சிபிடி கோட் (செய்த சிகிச்சைக்கான கோட்) கிடையாது; அந்த வேலை 99281 முதல் 99285 வரையிலான ஈ/எம் (நோயாளியை மதிப்பிட்டுக் கவனிப்பதற்கான) கோடுக்குள் அடங்கிவிடும். '11ஆம் நம்பர் பிளேடால் 5 மி.மீ. கீறி, தோலடித் திசுவிலிருந்து எடுத்தேன்' என்றால் 10120. அந்தக் கோடின் விளக்கமே கீறலில்தான் தொடங்குகிறது. லிடோகெயின் என்ற மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பதைப் பார்த்து, கீறியிருப்பார் என்று ஊகிக்கவே கூடாது. விரலை மரத்துப்போக வைக்க அதே மருத்துவர் போட்ட டிஜிட்டல் பிளாக்குக்கும் தனி பில் இல்லை.

சிக்கலான அகற்றலுக்கு 10121. ஏன் சிக்கல் என்பது நோட்டிலேயே தெரிய வேண்டும். தசை அல்லது தசைநாண் உறைக்குள் இருந்தால் 20520, அங்கேயே ஆழமாகவோ சிக்கலாகவோ இருந்தால் 20525. பாதத்துக்கு வரிசையே வேறு: தோலடிக்கு 28190, ஆழத்துக்கு 28192, சிக்கலுக்கு 28193. உள்ளங்காலில் ஏறிய கண்ணாடித் துண்டுக்கு 10120 போட்டால் அது தவறு.

வெட்டுக்காயத்தைத் தைக்கும்போது அதே காயத்திலிருந்து கண்ணாடியை எடுத்தால், அது தையல் கோடுக்குள் சேர்ந்துவிடும். ஆனால் மண்ணும் சரளையும் அப்பிய காயத்தை வெகுவாகச் சுத்தம் செய்து ஒரே அடுக்காகத் தைத்திருந்தால், சிம்பிள் (எளிய) தையல் கோட் இன்டர்மீடியேட் (நடுநிலை) கோட் ஆக உயரும். 12031இல் தொடங்கும் வரிசையைப் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இதைத்தான்.

காதுக்கு 69200. ஒரே காதில் மூன்று பாசிமணிகள் இருந்தாலும் ஒரு முறைதான். இரு காதிலும் என்றால் மாடிஃபயர் (கோடுடன் சேர்க்கும் கூடுதல் குறியீடு) 50. காதுக்குறும்பி ஃபாரின் பாடி ஆகாது. மூக்குக்கு 30300. கருவிழியில் ஒட்டிய துகளை ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) வைத்து எடுத்தால் 65222, இல்லாமல் எடுத்தால் 65220. பரிசோதனைக்கு மட்டும் ஸ்லிட் லாம்ப் பயன்பட்டிருந்தால் 65222 நிற்காது.

அகற்றலைத் தாண்டித் தனியாகச் சொல்லத்தக்க மதிப்பீடு நடந்திருந்தால் ஈ/எம் கோடுடன் மாடிஃபயர் 25 சேருங்கள். 2023 முதல் அவசரப் பிரிவு ஈ/எம் நிலையை மருத்துவ முடிவெடுத்தலை வைத்தே தேர்வு செய்ய வேண்டும். செலவான நேரம் கணக்கில் வராது.

கடைசியாக டயக்னோசிஸ் கோட், அதாவது நோயாளிக்கு என்ன பாதிப்பு என்பதற்கான கோட். மேலே சொன்ன விரல் சிராய் மேலோட்டமானது என்றால் எஸ்60.450ஏ. வலது காதில் பாசிமணி என்றால் டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ. டி16.1இல் எழுத்தும் எண்களுமாக நான்கு இடங்களே உள்ளன. முதல்கட்டச் சிகிச்சையைக் குறிக்கும் 'ஏ' ஏழாம் இடத்தில்தான் நிற்க வேண்டும். நடுவில் இரண்டு எக்ஸ் வைக்காமல் அனுப்பினால் கோட் செல்லாது, க்ளெய்ம் (காப்பீட்டுக்கு அனுப்பும் பில்) திரும்பி வரும்.